ஓடும் ரயிலுக்கு எண்ணெய் போட்டவர்: இன்ஜின் ஆயில் கதையில் எலைஜா மெக்காய் யார்?

பைக்கோ காரோ, சர்வீஸுக்கு விட்டால் பில்லில் முதலில் கண்ணில் படுவது இன்ஜின் ஆயில்தான். போன தடவைதானே மாத்தினோம், அதுக்குள்ளே மறுபடியுமா என்று தோன்றாதவர்கள் குறைவு. 3000 கிலோமீட்டரா, 5000-மா, 10,000-மா என்று ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள்.

இந்தக் கேள்விக்கு இன்றைக்கு மேனுவலில் பதில் இருக்கிறது. சுமார் 150 வருடத்துக்கு முன்னால் பதில் வேறு மாதிரி இருந்தது. சில மைல் தூரம் ஓடியதும் வண்டியை நிறுத்து, ஆள் இறங்கட்டும், எண்ணெய் ஊற்றட்டும், மறுபடி கிளம்பு. அமெரிக்க ரயில்களில் அதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள். அப்படி எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு இன்ஜினைச் சுற்றி வந்தவர்களில் ஒருவர், ஸ்காட்லாந்தில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு வந்தவர். படிப்புக்கேற்ற வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. காரணம் அவருடைய தோலின் நிறம். அவர் பெயர் எலைஜா மெக்காய்.

தப்பி வந்தவர்களின் மகன்

எலைஜாவின் அப்பா ஜார்ஜும் அம்மா மில்ட்ரெடும் அமெரிக்காவின் கென்டகி மாநிலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அங்கிருந்து தப்பி, அடிமைகளுக்கு ரகசியமாக உதவிய வலையமைப்பின் வழியாக எல்லை தாண்டி கனடாவுக்குப் போனார்கள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் 1834-லேயே அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டிருந்ததால், கனடா மண்ணில் கால் வைத்தால் சுதந்திரம்.

அங்கே ஒண்டாரியோ பகுதியில் உள்ள கோல்செஸ்டரில் 1844-ல் எலைஜா பிறந்தார். 12 பிள்ளைகளில் ஒருவர். சில வருடங்களில் குடும்பம் மறுபடி எல்லை தாண்டி, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊருக்கு வந்தது. அப்பா சுருட்டுத் தொழில் செய்தார். பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே கருவிகள் மீது ஆசை. எதையாவது கழற்றுவான், மாட்டுவான்.

கையில் பெரிய காசு இல்லாத பெற்றோர் இங்கே எடுத்த முடிவு அசாதாரணமானது. 15 வயதில் அவரைக் கப்பலேற்றி ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு அனுப்பிவிட்டார்கள். இயந்திரப் பொறியியல் கற்க. அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பையனுக்கு அந்தப் படிப்பின் கதவு கிட்டத்தட்ட மூடியே இருந்த காலம் அது. அவர் கிளம்புவதற்கு ஒரு வருடம் முன்பு, 1858-ல், அடிமையாக இருக்கும் ஒருவரின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வழங்க முடியாது என்று அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞர் கருத்தே கொடுத்திருந்தார்.

படித்தது இன்ஜினீயரிங், கிடைத்தது எண்ணெய்க் கேன்

எலைஜா ஊர் திரும்பியபோது நிலைமை மாறியிருந்தது. உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்து, அடிமை முறை ஒழிந்துவிட்டது. சட்டம் மாறியது, வேலைக்கு ஆள் எடுப்பவர்களின் மனசு மாறவில்லை. கறுப்பினத்தவர் ஒருவரை இன்ஜினீயராக வைத்துக்கொள்ள யாரும் தயாராக இல்லை. கடைசியில் மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் ஒரு வேலை கிடைத்தது. ஃபயர்மேன் வேலை. கூடவே எண்ணெய் போடும் வேலையும்.

ஃபயர்மேன் என்றால் நீராவி இன்ஜினின் அடுப்புக்கு டன் கணக்கில் கரி அள்ளிப் போட வேண்டும். அது உடம்பை உருக்கும் வேலை. எண்ணெய் போடுவது வேறு மாதிரியான தொல்லை. சக்கர அச்சு, நெம்புகோல்கள், பிஸ்டன் ஓடும் சிலிண்டர், நீராவியைத் திறந்து மூடும் வால்வு என்று உரசும் இடம் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் வேண்டும். அச்சுக்கும் நெம்புகோலுக்கும் வெளியிலிருந்து ஊற்றிவிடலாம். சிலிண்டருக்குள் எப்படி ஊற்றுவது? உள்ளே நீராவி பயங்கர அழுத்தத்தில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் எண்ணெய் உள்ளே போகாது, நீராவிதான் முகத்தில் அடிக்கும்.

அதனால் நீராவியை அடைத்த நேரம் பார்த்துத்தான் ஊற்ற முடியும். ஒன்று ரயில் நிற்க வேண்டும், இல்லையென்றால் இறக்கத்தில் உருளும்போது ஓடும் இன்ஜினின் பக்கவாட்டுப் பலகையில் நடந்து முன்பக்கம் போய் ஊற்ற வேண்டும். அந்தக் காலத்தில் இதற்குப் பயன்பட்டது பெரும்பாலும் உருக்கிய மாட்டுக் கொழுப்பு. அமெரிக்க ரயில்வே ஆட்கள் ஃபயர்மேனுக்கு வைத்த பட்டப்பெயரே கொழுப்புச் சட்டி என்பதுதான். அந்தக் கொழுப்பும் சூட்டில் சிதைந்து அமிலமாகி, காப்பாற்ற வேண்டிய உலோகத்தையே அரிக்கும்.

அளவும் ஒரு பிரச்னை. ஊற்றிய உடனே தேவைக்கு மேல் இருக்கும், கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். மிச்சமானது வீண், குறைந்தால் உலோகம் கீறும். இன்ஜினுக்கு வேண்டியது ஒரே தடவையில் ஒரு கேன் எண்ணெய் இல்லை, ஓடிக்கொண்டே இருக்கும்போது சொட்டுச் சொட்டாக. இதை மற்ற ஃபயர்மேன்களும் உணர்ந்திருப்பார்கள். ஆனால் கையில் கரி படிந்த இந்த ஃபயர்மேனுக்கு மட்டும் வரைபடம் போடத் தெரியும்.

1872: காப்புரிமை எண் 1,29,843

இப்சிலாண்டியில் தனக்கென ஒரு சின்னப் பட்டறையை வைத்துக்கொண்டு எலைஜா வேலையில் இறங்கினார். 1872 ஜூலை 23 அன்று அவருடைய முதல் காப்புரிமை கிடைத்தது. நீராவி இன்ஜினுக்கான எண்ணெயிடும் கருவியில் ஒரு மேம்பாடு என்று அதற்குப் பெயர்.

விஷயம் எளிமையானது. எது எண்ணெயை உள்ளே விடாமல் தடுத்ததோ, அந்த நீராவி அழுத்தத்தையே வேலைக்கு எடுத்துக்கொண்டார். எண்ணெய் நிறைந்த ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு வால்வு. இன்ஜினின் நீராவியே அந்த வால்வை இயக்கும், எண்ணெய் தேவையான இடத்துக்கு இறங்கும். ஆள் நடந்து போக வேண்டாம், ரயில் நிற்க வேண்டாம்.

இணையத்தில் அவரைப் பற்றிப் பரவும் பதிவுகள் இங்கேதான் கொஞ்சம் மிகைப்படுத்துகின்றன. தானாக எண்ணெயிடும் கருவியை உலகத்திலேயே முதலில் செய்தவர் மெக்காய் இல்லை. இங்கிலாந்தில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ரயில்வே பொறியாளர் 1860-லேயே ஒரு வகையைச் செய்திருந்தார். நீராவி குளிர்ந்து தண்ணீராகும், தண்ணீர் கனமானது என்பதால் அடியில் போய் எண்ணெயை மேலே தள்ளும் என்பது அதன் தத்துவம். மெக்காயின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கருவியோடு நிற்காமல், சுமார் 50 வருடங்கள் இதே பிரச்னையை விடாமல் பிடித்துக்கொண்டு திருத்தித் திருத்திச் செய்தார். அவர் பெயரில் 57 காப்புரிமைகள் வரை இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள், பெரும்பாலானவை எண்ணெயிடுவது பற்றியவை. ரயில்களைத் தாண்டி, கப்பல்களிலும் தொழிற்சாலை இன்ஜின்களிலும் அவருடைய கருவிகள் ஓடின.

அதே 1872-ல்தான் அவருடைய முதல் மனைவி ஆன் எலிசபெத் இறந்தார். திருமணமாகி 4 வருடம்தான் ஆகியிருந்தது. அடுத்த வருடம் மேரி எலினோரா டெலானியை மணந்தார். 1874-ல் மடிக்கக்கூடிய இஸ்திரி மேசைக்கு எலைஜா ஒரு காப்புரிமை வாங்கினார். மேரியின் வீட்டு வேலையைச் சுலபமாக்கத்தான் அது என்று சொல்வார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவியும் அவர் கணக்கில் உண்டு. மேரியும் சும்மா இருந்தவர் இல்லை. டெட்ராய்ட் நகரில் வயதான கறுப்பினப் பெண்களுக்கான ஒரு இல்லம் உருவாக முன்னின்றவர்களில் அவரும் ஒருவர்.

கண்டுபிடித்தவர் ஒருவர், காசு பார்த்தவர் வேறொருவர்

காப்புரிமை கையில் இருந்தால் பணக்காரர் ஆகிவிடலாம் என்று நினைப்போம். கருவியைத் தயாரிக்க ஆலை வேண்டும், ஆலைக்கு முதல் வேண்டும். அன்றைய அமெரிக்காவில் ஒரு கறுப்பினத்தவருக்கு அந்த முதலை யார் கொடுப்பார்கள்? எலைஜா செய்தது இதுதான். ஒரு காப்புரிமையின் உரிமையை முதலீட்டாளருக்கு எழுதிக் கொடுப்பார். வந்த பணத்தில் அடுத்த கருவியைச் செய்வார். அதன் உரிமையும் கைமாறும். முதல் காப்புரிமையே இப்படிப் போனதுதான். அதனால் பல கருவிகளில் அவர் பெயரே இல்லை. அவற்றால் லாபம் பார்த்தவர்கள் வேறு ஆட்கள்.

1882-ல் குடும்பம் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தது. முழுநேரக் கண்டுபிடிப்பாளராகவும், நிறுவனங்களுக்கு ஆலோசகராகவும் அவர் வாழ்ந்த காலம் இங்கேதான். அவர் கண் முன்னாலேயே அந்த நகரம் உலகத்தின் கார் தலைநகரமாக மாறியது. 1903-ல் ஃபோர்டு நிறுவனம் தொடங்கியது, 1908-ல் மாடல் டி கார் வந்தது.

சரி, நம்ம வண்டி ஆயில் எங்கே வருது?

எலைஜாவின் கருவியில் ஆயில் மாற்றுவது என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு சொட்டும் ஒரே ஒரு தடவை வேலை செய்யும், பிறகு நீராவியோடு வெளியே போய்விடும். கிண்ணம் காலியானால் நிரப்பினால் போதும். பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட், ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றுவோம், அது எரிந்து புகையாகப் போகும். அதில் இன்ஜின் ஆயிலை வடித்து மாற்றும் வேலை இல்லை.

கார் இன்ஜின் கதையை மாற்றியது. அடியில் ஒரு தொட்டி, அதில் கொஞ்சம் ஆயில், அதே ஆயில் திரும்பத் திரும்பச் சுற்றி வரும். மாடல் டி காரில் ஆயில் பம்ப் கூடக் கிடையாது, சுழலும் ஃப்ளைவீல்தான் ஆயிலை வாரி இறைக்கும். ஆயில் ஃபில்டரும் இல்லை. அளவு பார்க்க காருக்கு அடியில் குனிந்து சின்னக் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். புதுக் காருக்கு முதல் 400, 500 மைலிலேயே ஆயிலை வடித்துவிடச் சொன்னார்கள், பிறகு சுமார் 1000 மைலுக்கு ஒரு தடவை. அதாவது 1600 கிலோமீட்டர். இன்றைக்கும் புது பைக்குக்கு முதல் சர்வீஸ் 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் வருகிறதே, காரணம் ஒன்றுதான். புது பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது நுண்ணிய உலோகத் துகள் ஆயிலில் இறங்கும்.

சுற்றி வரும் ஆயில் ஏன் கெடுகிறது? எரிபொருள் எரியும்போது வரும் கரித்தூள் அதில் கலக்கும். எரியாத பெட்ரோல் கொஞ்சம் இறங்கும். எரிப்பில் உண்டாகும் நீராவி குளிர்ந்து தண்ணீராகச் சேரும். சூட்டில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஆயில் கெட்டியாகும், அமிலமும் உருவாகும். இதையெல்லாம் சமாளிக்க ஆயிலில் ரசாயனங்கள் சேர்த்திருப்பார்கள், அவையும் நாளாக ஆகத் தீர்ந்துபோகும். அளவு சரியாக இருந்தாலும் ஆயில் செத்துப்போயிருக்கலாம். குறைந்ததற்கு மேலே கொஞ்சம் ஊற்றிக்கொண்டே இருப்பது போதாது என்பது இதனால்தான்.

1920-களில் ஆயில் ஃபில்டர் வந்தது. ஆயிலின் தரமும் கூடியது. 1000 மைல் கணக்கு மெல்ல மெல்ல நீண்டது. இன்றைக்கு நம் ஊரில் ஓடும் சாதாரண பைக்குகளுக்குப் பெரும்பாலும் 3000 முதல் 6000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறார்கள். பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 1 வருடம், எது முதலில் வருதோ அது. உங்கள் வண்டிக்கான சரியான எண், மேனுவலில் மட்டும்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் வண்டிக்கு 5000 என்றால் உங்களுக்கும் 5000 இல்லை.

அந்த 1 வருடம் என்ற பகுதியைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. வண்டியே எடுக்கல, எதுக்கு மாத்தணும் என்பார்கள். உண்மையில் தினமும் 2 கிலோமீட்டர் மட்டும் போய் நிற்கும் வண்டிக்குத்தான் சிக்கல் அதிகம். இன்ஜின் முழுச் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறோம். ஆயிலில் இறங்கிய தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகிப் போக நேரமே கிடைப்பதில்லை. நெரிசலில் ஊர்வது, புழுதிச் சாலை, அதிகச் சுமை இவற்றுக்கும் மேனுவலில் கடினப் பயன்பாடு என்று தனியாகக் குறைந்த இடைவெளி போட்டிருப்பார்கள். நகரத்தில் ஓட்டுபவர்களில் நிறையப் பேர் தங்களை அறியாமலே அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யலாமா? அது நம்பகமான வழி இல்லை. டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும், அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். ஆனால் ஆயில் பால் கலந்த காபி மாதிரி வெளுத்து இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம், உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அளவு பார்ப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, இரண்டு குறிகளுக்கு நடுவில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். காருக்கு வாங்கிய ஆயில் மிச்சமிருக்கிறதே என்று பைக்கில் ஊற்றிவிட வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கும், கார் ஆயிலால் அது வழுக்கலாம்.

கடைசிக் காலம்

கார்கள் பெருகிக்கொண்டிருந்தபோதும் எலைஜாவின் கவனம் ரயிலில்தான் இருந்தது. புதிய ரயில் இன்ஜின்கள் நீராவியை மேலும் மேலும் சூடாக்கிப் பயன்படுத்தின. அந்தச் சூட்டில் எண்ணெய் தாக்குப்பிடிக்கவில்லை. அதற்கு அவர் தேடிய விடை கிராஃபைட். பென்சிலில் இருக்கும் அதே பொருள்தான். வழவழப்பான அதன் தூளை எண்ணெயோடு சேர்த்துச் செலுத்தும் கருவிக்கு 1915-ல் காப்புரிமை வாங்கினார். அப்போது அவருக்கு 70 வயது தாண்டியிருந்தது. 1920-ல், தன் பெயரிலேயே டெட்ராய்ட்டில் ஒரு தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். இத்தனை காலம் அடுத்தவர் பெயரில் வந்துகொண்டிருந்த கருவிக்குத் தன் பெயரைப் போட 76 வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதை அனுபவிக்க அதிக நாள் இல்லை. 1922-ல் அவரும் மேரியும் போன கார் விபத்தில் சிக்கியது. எலைஜாவுக்குப் பலத்த காயம். அதற்குப் பிறகு மேரி அதிக காலம் உயிரோடு இல்லை. எலைஜாவின் உடம்பும் மனமும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை, கையிலிருந்த பணமும் கரைந்தது. டெட்ராய்ட்டுக்கு வெளியே எலோயிஸ் என்ற இடத்தில், ஆதரவற்றவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அரசு நடத்திய காப்பகத்தில் 1929 அக்டோபர் 10 அன்று இறந்தார். வயது 85.

ரியல் மெக்காய் என்றால் இவர்தானா?

ஆங்கிலத்தில் அசல் சரக்கு, போலி இல்லை என்று சொல்ல ரியல் மெக்காய் என்பார்கள். இது எலைஜாவால் வந்தது என்று ஒரு பிரபலமான கதை உண்டு. அவர் கருவியைப் பார்த்துப் பலரும் போலிகளைச் செய்ய, ரயில்வே ஆட்கள் அசல் மெக்காய்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்களாம்.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உறுதியான சான்று இல்லை. இதே பொருளில் ரியல் மெக்கே என்ற சொல் ஸ்காட்லாந்தில் 1856-லேயே அச்சில் வந்துவிட்டது. அப்போது எலைஜாவுக்கு 12 வயது. கிட் மெக்காய் என்ற குத்துச்சண்டை வீரரைக் காரணம் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். ரயில்வே வட்டாரத்தில் எலைஜாவின் பெயரோடு அந்தச் சொல் சேர்ந்து பரவியிருக்கலாம், பிறந்த இடம் அவர் பட்டறையாக இருக்க வாய்ப்பு குறைவு.

அவருக்குக் கிடைத்த மரியாதையில் சந்தேகமில்லாத பகுதி தாமதமாகத்தான் வந்தது. 2001-ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் புகழரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2012-ல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம், தலைநகர் வட்டாரத்துக்கு வெளியே தன் முதல் கிளையை டெட்ராய்ட்டில் திறந்தது. அந்த அலுவலகத்துக்கு எலைஜா மெக்காயின் பெயரை வைத்திருக்கிறார்கள்.